ஃபோல்டர் உங்களுடையது, உள்ளே இருக்கும் ஃபைல் யாருடையது?

கேள்வி: கரூரில் ஜிஎஸ்டி, வருமான வரிக் கணக்கு அலுவலகம் நடத்துகிறேன். என்னோடு ஆறு பேர் வேலை பார்க்கிறார்கள். பார்ட்டிகளின் (வாடிக்கையாளர்களின்) ஃபைல்கள் எல்லாம் என் ஜிமெயிலின் கூகுள் டிரைவில் ஒரே ஃபோல்டரில் இருக்கின்றன. ஊழியர்களுக்கு அவரவர் சொந்த ஜிமெயிலுக்கு ‘எடிட்டர்’ என்று ஷேர் செய்திருக்கிறேன். போன மாதம் ஒரு பெண் வேலையை விட்டு நின்றார். அடுத்த இரண்டு வாரத்துக்குள் அவர் பார்த்த பார்ட்டிகளின் ஃபைல்கள் பலவற்றைக் காணோம். ஃபோல்டரில் மொத்தம் 4 ஜிபி கூட இல்லை, ஆனால் ‘ஸ்டோரேஜ் ஃபுல்’ என்று வருகிறது. ஒரே எக்ஸெல்லில் இருவர் வேலை செய்தால் ஒருவர் போட்ட என்ட்ரி மறைகிறது. பார்ட்டிக்கு லிங்க் அனுப்பினால் ‘அனுமதி தேவை’ என்கிறது. எல்லோருக்கும் திறந்துவிடப் பயமாக இருக்கிறது. கடைசியாக, கணக்கு எழுதும் மென்பொருளான டேலியின் டேட்டாவையும் டிரைவிலேயே வைத்துவிட்டால் தனி பேக்கப் தேவையில்லைதானே?

பதில்: காணாமல் போன ஃபைல்களை முதலில் பார்ப்போம், அதற்கு மட்டும்தான் கெடு இருக்கிறது. டிரைவில் டெலிட் செய்த ஃபைல் ட்ராஷில் 30 நாள் கிடக்கும், அதன்பின் தானாகவே அழிந்துவிடும். உங்கள் கணக்குப்படி பாதி நாள் போய்விட்டது. அந்தப் பெண்ணுக்கு இன்றே போன் செய்யுங்கள், குற்றம் சாட்டும் குரலில் வேண்டாம். இதுபோன்ற சம்பவங்களில் வஞ்சம் அபூர்வம். அவருடைய ஜிமெயில் நிறைந்திருக்கும். ‘வேலையைத்தான் விட்டாச்சே’ என்று பழைய ஆபீஸ் ஃபைல்களைத் தட்டிவிட்டிருப்பார். அவர் தன் டிரைவில் ட்ராஷைத் திறந்து, அந்த ஃபைல்களைத் தேர்ந்தெடுத்து ‘ரீஸ்டோர்’ கொடுத்தால் பழைய இடத்துக்கே திரும்பும். ஃபோல்டரில் அவருக்கு இருந்த அனுமதியை நீங்கள் ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தால் அவருடைய மை டிரைவிலேயே நின்றுவிடலாம். அப்போது அங்கிருந்து உங்களுக்கு ஷேர் செய்யச் சொல்லுங்கள்.

போனை எடுக்கவில்லை என்றால் இன்னொரு வழி உண்டு. அந்த ஃபைல்களின் பழைய லிங்க் எங்காவது இருக்கும்: ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில், மெயிலில், கம்ப்யூட்டரின் பிரவுசர் ஹிஸ்டரியில். லிங்கை நேரடியாகத் திறந்து பாருங்கள். ஃபைல் இன்னும் ட்ராஷில்தான் இருக்கிறது என்றால், அது உரிமையாளரின் ட்ராஷில் இருப்பதாக ஓர் அறிவிப்போடு திறக்கும். உடனே ‘மேக் எ காப்பி’ கொடுங்கள். நகல் உங்கள் பெயரில் உருவாகிவிடும். பழைய வெர்ஷன்கள் நகலோடு வராது, ஆனால் கணக்கு தப்பிவிடும்.

யார் எதை எப்போது எடுத்தார்கள் என்று ஊகிக்கவும் தேவையில்லை. அந்த ஃபோல்டருக்குள் போய் வலது மேல்மூலையில் இருக்கும் ‘ஐ’ பொத்தானை அழுத்தி ‘ஆக்டிவிட்டி’ என்பதைப் பாருங்கள். நகர்த்தியது, பெயர் மாற்றியது, நீக்கியது எல்லாம் பெயரோடும் தேதியோடும் இருக்கும். பாதி நேரம் ஃபைல் அழிந்தே இருக்காது. மவுஸ் இழுபட்டு பக்கத்து ஃபோல்டருக்குள் போயிருக்கும்.

இனி, இது ஏன் நடந்தது என்பதற்கு வருவோம். ஃபைல் காணாமல் போனதற்கு வேர் இதுதான். டிரைவில் ஃபோல்டரின் உரிமை வேறு, ஃபைலின் உரிமை வேறு. உங்கள் மொட்டை மாடியில் பக்கத்து வீட்டு அக்கா வடகம் காயப்போட்டால் மாடி உங்களுடையது, வடகம் அவருடையது. அவர் அள்ளிக்கொண்டு போனால் நீங்கள் தடுக்க முடியாது. ஊழியர் தன் கணக்கில் இருந்து உங்கள் ஃபோல்டருக்குள் ஏற்றும் ஒவ்வொரு பிடிஎஃப்புக்கும், அங்கே புதிதாகத் திறக்கும் ஒவ்வொரு கூகுள் ஷீட்டுக்கும் ஓனர் அவர்தான். அவர் அதை டெலிட் செய்தால் உங்கள் ட்ராஷுக்கு வராது, அவருடைய ட்ராஷுக்குத்தான் போகும். அவர் தன் கூகுள் கணக்கையே மூடிவிட்டால் எல்லாம் சேர்ந்தே போய்விடும். இரண்டு வருடம் யாரும் தொடாமல் கிடக்கும் தனிநபர் கணக்குகளை கூகுளே நீக்கலாம் என்ற விதியும் இப்போது இருக்கிறது. ஆக, வேலையை விட்டுப் போனவர் டிரைவ் பக்கமே எட்டிப் பார்க்காவிட்டாலும் ஆபத்து நீங்கவில்லை.

மறுபக்கம் நீங்கள் பயப்பட வேண்டாம். நீங்கள் ஓனராக இருக்கும் ஃபைலை ஊழியர் ‘ரிமூவ்’ செய்தால் அது அழியாது; ஃபோல்டரில் இருந்து மட்டும் விலகும். தேடல் பெட்டியின் ஓரத்தில் இருக்கும் ஃபில்டர் குறியை அழுத்தி, ஓனர் இடத்தில் ‘ஓன்டு பை மீ’ வைத்து, ஃபைல் பெயரில் ஒரு சொல்லை அடித்தால் கிடைத்துவிடும்.

அதே ஃபில்டரில் ஓனர் இடத்தில் உங்கள் ஊழியர் ஒவ்வொருவரின் மெயில் முகவரியையும் போட்டுத் தேடிப் பாருங்கள். உங்கள் அலுவலகத்தில் எத்தனை ஃபைல் உங்களுடையது இல்லை என்பது கண்முன்னே தெரியும். பொதுவாக இந்தப் பட்டியல் அதிர்ச்சியாகத்தான் இருக்கும்.

சரிசெய்ய இலவச ஜிமெயிலுக்குள்ளேயே சில வழிகள் இருக்கின்றன. ஃபைலை யார் திருத்தினாலும் உரிமை மாறாது, உருவாக்கியவருக்கே நிற்கும். எனவே ஏப்ரல் பிறந்ததும் ஒவ்வொரு பார்ட்டிக்கும் வேண்டிய வெற்று ஷீட்டுகளை உங்கள் கணக்கில் இருந்தே உருவாக்கிப் போட்டுவிடுங்கள்; ஊழியர் நிரப்பட்டும். ஒரு மாதிரி ஃபைலில் இருந்து நகல் எடுப்பதுதான் வேலை, ஒரு மத்தியானத்தில் முடியும். பில், பேங்க் ஸ்டேட்மென்ட் போன்றவற்றை வாங்க கூகுள் ஃபார்மில் ‘ஃபைல் அப்லோடு’ கேள்வி வைத்துவிடலாம். யார் ஏற்றினாலும் அது ஃபார்மை உருவாக்கியவரின் டிரைவில், அவர் உரிமையில்தான் சேரும். அனுப்புபவர் கூகுள் கணக்கில் நுழைந்திருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. ஃபார்ம் மொத்தத்துக்கும் தொடக்கத்தில் 1 ஜிபி வரம்பு போட்டிருப்பார்கள். அதை செட்டிங்ஸில் உயர்த்தாவிட்டால் இருபதாம் தேதி ரிட்டர்ன் நெருக்கடியில் ஃபார்ம் பதில் வாங்குவதை நிறுத்திவிடும்.

ஏற்கெனவே ஊழியர் பெயரில் இருப்பவற்றுக்கு உரிமை மாற்றம் செய்ய வேண்டும். அவர் ஃபைலின் ‘ஷேர்’ பெட்டியைத் திறந்து, உங்கள் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் கீழ்நோக்கிய அம்பில் ‘டிரான்ஸ்ஃபர் ஓனர்ஷிப்’ கொடுக்க வேண்டும். உங்களுக்கு மெயில் வரும். நீங்கள் அதில் ஒப்புக்கொண்டால்தான் மாற்றம் முடியும். பலர் இந்த மெயிலைத் திறக்காமலே விட்டுவிடுகிறார்கள். ஃபோல்டரின் உரிமையை மாற்றினால் உள்ளே இருப்பதும் மாறிவிடும் என்று நினைக்கக் கூடாது, மாறாது. வேலையை விடுபவரின் சம்பளக் கணக்கைத் தீர்ப்பதற்கு முன் இதைச் செய்து வாங்குவதை அலுவலக வழக்கமாக்குங்கள். அனுமதியை எடுப்பது அதற்கு அடுத்த வேலை.

‘எல்லோரும் என் ஜிமெயில் பாஸ்வேர்டிலேயே நுழையட்டும், உரிமைப் பிரச்சினையே வராது’ என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். ஆக்டிவிட்டியில் எல்லாமே உங்கள் பெயரில் விழும், யார் அழித்தார் என்று எந்தக் காலத்திலும் தெரியாது. உங்கள் மெயில் மொத்தமும் அவர்கள் முன் திறந்து கிடக்கும். ஒருவர் போகும்போதெல்லாம் பாஸ்வேர்டு மாற்றி மிச்சம் ஐந்து பேருக்கும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

அலுவலகம் வளர்வதாக இருந்தால், நிறுவனங்களுக்கான கட்டணச் சேவையான கூகுள் வொர்க்ஸ்பேஸில் ‘ஷேர்டு டிரைவ்’ வரும் திட்டமாகப் பார்த்து எடுங்கள். அங்கே ஃபைலுக்குத் தனிநபர் ஓனரே கிடையாது, நிறுவனம்தான் ஓனர். ஊழியருக்கு ‘கான்ட்ரிபியூட்டர்’ பொறுப்பு கொடுத்தால் சேர்க்கலாம், திருத்தலாம். நகர்த்தவோ டெலிட் செய்யவோ முடியாது. கணக்கு அலுவலகத்துக்கு அளவெடுத்துத் தைத்தது இந்த ஒரு பொறுப்புதான். ட்ராஷில் இருந்தும் போய்விட்டால்கூட அதன்பின் 25 நாள்வரை அட்மின் மீட்கலாம். தனிநபர் ஜிமெயிலில் இருக்கும் ஃபைலின் உரிமையை நேராக வொர்க்ஸ்பேஸ் கணக்குக்கு எழுதிக்கொடுக்க முடியாது. நகலெடுத்தோ, இறக்கி ஏற்றியோதான் கொண்டுபோக வேண்டும்; ரிட்டர்ன் வேலை இல்லாத வாரமாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டோரேஜுக்கு வருவோம். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி டிரைவுக்கு மட்டும் இல்லை. ஜிமெயில், கூகுள் போட்டோஸ், டிரைவ் மூன்றும் சேர்ந்து தின்பது. ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது இதே கணக்கில்தான் ஏறுகிறது. ஆபீஸ் ஜிமெயிலையே உங்கள் போனிலும் போட்டிருந்தால் குடும்ப குரூப்பின் வீடியோக்கள்தான் உங்கள் இடத்தைப் பிடித்திருக்கும். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் சாட்ஸ், சாட் பேக்கப் போய் ‘இன்க்ளூட் வீடியோஸ்’ என்பதை அணைத்தாலே கணிசமாகக் குறையும். டிரைவின் இடப்பக்கம் ‘ஸ்டோரேஜ்’ என்பதைத் தட்டினால் உங்கள் ஃபைல்கள் பெரியதில் தொடங்கி வரிசையாக வரும். டெலிட் செய்த பிறகு ட்ராஷையும் காலி செய்யுங்கள், ட்ராஷில் இருப்பதும் கணக்கில்தான் சேரும்.

ஊழியர் ஏற்றிய ஃபைல் அவருடைய 15 ஜிபியில்தான் கழியும். நீங்கள் காசு கட்டி இடம் வாங்கினாலும் அவருக்கு அது உதவாது. ‘என் டிரைவில் இடம் இருக்கிறதே, அவருக்கு ஏன் அப்லோடு ஆகவில்லை?’ என்ற குழப்பத்துக்கு விடை இதுதான். உங்கள் கணக்கு நிறைந்தால் மெயில் வருவதும் நின்றுவிடும். ஜிஎஸ்டி ஓடிபி வரும் மெயில் அதுவாக இருந்தால் விளைவை நான் சொல்ல வேண்டியதில்லை.

எக்ஸெல்லில் என்ட்ரி மறைவதற்கு மூன்று வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம். எது என்று கண்டுபிடித்தால்தான் மருந்து. மிகச் சாதாரணமானது இறக்கி ஏற்றுவது. காலையில் இருவரும் ஒரே ஃபைலை டவுன்லோடு செய்கிறார்கள், தனித்தனியாகத் திருத்துகிறார்கள், மாலையில் ஏற்றுகிறார்கள். இரண்டாவதாக ஏற்றியவர் ‘ரிப்ளேஸ்’ கொடுத்தால் முதலாமவரின் வேலை அடியில் போய்விடும். மேலே தெரியாவிட்டாலும் அது உள்ளே இருக்கிறது. ஃபைலின் மீது ரைட் கிளிக், ‘ஃபைல் இன்ஃபர்மேஷன்’, ‘மேனேஜ் வெர்ஷன்ஸ்’ போனால் பழைய பதிப்புகளை இறக்கிக்கொள்ளலாம். எக்ஸெல், பிடிஎஃப் போன்றவற்றின் பழைய பதிப்பு 30 நாளுக்குப் பிறகு, அல்லது 100 பதிப்பு சேர்ந்த பிறகு நீங்கிவிடும். ரிட்டர்ன் போட்ட அன்றைய பதிப்புக்கு மட்டும் ‘கீப் ஃபாரெவர்’ போட்டு வையுங்கள். ‘ரிப்ளேஸ்’ கொடுக்காமல் ‘கீப் போத்’ கொடுத்தால் வேறு சிக்கல்: ஒரே பெயரில் இரண்டு ஃபைல் ஒரே ஃபோல்டரில் இருக்க டிரைவ் மறுப்பு சொல்வதில்லை. எது புதிது என்று தெரியாமல் பாதி பேர் இதிலும் பாதி பேர் அதிலும் எழுதுவார்கள்.

இரண்டாவது காரணம், ‘டிரைவ் ஃபார் டெஸ்க்டாப்’ போட்டு, கம்ப்யூட்டரில் தெரியும் ஜி டிரைவில் இருந்து இருவரும் ஒரே எக்ஸெல்லைத் திறப்பது. அங்கே சேமிப்பது முழு ஃபைலும்தான், ஒரு செல் அல்ல. எனவே இருவரின் மாற்றமும் ஒன்றாக இணையாது. பலர் சேர்ந்து எழுதும் ரெஜிஸ்டரை பிரவுசரில் திறந்து ‘ஃபைல்’ மெனுவில் ‘சேவ் ஆஸ் கூகுள் ஷீட்ஸ்’ கொடுத்து ஷீட்டாகவே மாற்றிக்கொண்டு, பழைய எக்ஸெல்லை ‘பழையது’ என்று பெயர் மாற்றி வேறு ஃபோல்டருக்கு அனுப்பிவிடுங்கள். ஷீட்டில் எத்தனை பேர் தட்டினாலும் செல் செல்லாகச் சேமிப்பாகும். சந்தேகம் வந்தால் அந்தச் செல்லில் ரைட் கிளிக் செய்து ‘ஷோ எடிட் ஹிஸ்டரி’ பார்க்கலாம்: பழைய தொகை என்ன, யார் மாற்றினார், எத்தனை மணிக்கு என்பதுவரை சொல்லும். மேக்ரோ (எக்ஸெல்லுக்குள் ஓடும் சிறு நிரல்) இருக்கும் ஃபைல்களை மட்டும் இப்படி மாற்றாதீர்கள். ஆண்டு ரிட்டர்னுக்கான ஜிஎஸ்டிஆர்-9 ஆஃப்லைன் யுட்டிலிட்டி போன்றவை ஷீட்ஸில் வேலை செய்யாது. அவற்றை ஒருவர் மட்டும், கம்ப்யூட்டர் எக்ஸெல்லில், உள் டிஸ்க்கில் வைத்துத் திறக்கட்டும்.

மூன்றாவது காரணம் வேடிக்கையானது, ஆனால் அலுவலகத்தில் சண்டையை மூட்டுவது. ஷீட்டுக்கு மாறிய பிறகு ஒருவர் தன் பார்ட்டியை மட்டும் பார்க்க சாதாரண ஃபில்டர் போடுவார். அடுத்த மேஜையில் இருப்பவருக்கு 300 வரி திடீரென்று 12 வரியாகும். அவர் ‘டெலிட் ஆயிடுச்சு’ என்று பதறி மறுபடி அடிக்கத் தொடங்குவார். மாலையில் எல்லாம் இரட்டை என்ட்ரி. ஷீட்டில் ஃபில்டர் எல்லோருக்கும் பொது என்பதுதான் விஷயம். ‘டேட்டா’ மெனுவில் ‘கிரியேட் ஃபில்டர் வியூ’ என்று தனியாக இருக்கிறது. அதைப் போட்டால் போட்டவருக்கு மட்டும்தான் வடிகட்டித் தெரியும். வரி காணோம் என்று யாராவது சொன்னால், முதலில் இடப்பக்க வரி எண்கள் தொடர்ச்சியாக ஓடுகின்றனவா, இடையில் தாவுகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். தாவினால் ஃபில்டர்தான். ஃபார்முலா இருக்கும் பத்திகளை ‘புரொடெக்ட் ஷீட்ஸ் அண்ட் ரேஞ்சஸ்’ கொண்டு பூட்டுவதும் நல்லது.

லிங்க் விஷயம். பார்ட்டிக்கு ‘அனுமதி தேவை’ என்று வருவதற்கு இரண்டு காரணம்தான். நீங்கள் லிங்கை மட்டும் காப்பி செய்து அனுப்பியிருப்பீர்கள், அவருடைய மெயிலைச் சேர்த்திருக்க மாட்டீர்கள். அல்லது அவர் போனில் இரண்டு மூன்று ஜிமெயில் இருக்கும், தவறான கணக்கில் திறந்திருப்பார். டிரைவ் ஆப்பின் வலது மேல்மூலையில் இருக்கும் வட்டப் படத்தைத் தொட்டு, நீங்கள் ஷேர் செய்த அதே கணக்குக்கு மாறச் சொன்னால் திறக்கும்.

‘எனிஒன் வித் தி லிங்க்’ என்று திறந்துவிட பயப்படுகிறீர்கள். அந்தப் பயம் சரியானது, அப்படியே வைத்திருங்கள். அந்த லிங்க் எந்த குரூப்புக்கு ஃபார்வர்டு ஆனாலும் திறக்கும், யார் பார்த்தார் என்ற பெயரும் கிடைக்காது. ஆதார், பான், பேங்க் ஸ்டேட்மென்ட் இருக்கும் இடத்துக்கு அது ஆகவே ஆகாது. ஆதாரை வாங்கும்போதே கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார் போதுமா என்று பாருங்கள், பல வேலைக்குப் போதும். ஒவ்வொரு பார்ட்டிக்கும் ஓர் உள்ஃபோல்டர், அதை மட்டும் அவர் மெயிலுக்கு ‘வியூவர்’ ஆக ஷேர் செய்வதுதான் முறை. உள்ஃபோல்டரை ஷேர் செய்தால் அவருக்கு அதற்கு மேலே இருப்பது தெரியாது. ஆனால் மேல் ஃபோல்டரில் ஒருமுறை அனுமதி கொடுத்தால் கீழே இருக்கும் அத்தனைக்கும் அது இறங்கும். சம்பளப் பட்டியலை, உங்கள் சொந்தக் கணக்கை ‘பார்ட்டிகள்’ ஃபோல்டருக்குள் எங்கேயும் வைக்காதீர்கள். முற்றிலும் வேறு ஃபோல்டர் போடுங்கள். இன்னொன்று: எடிட்டராக இருக்கும் ஊழியர் இயல்பாகவே பிறருக்கும் ஷேர் செய்யலாம். ஷேர் பெட்டியின் மேலே பல்சக்கரக் குறியைத் தட்டி அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். அதே இடத்தில் வியூவர்கள் டவுன்லோடு, பிரிண்ட் செய்வதையும் தடுக்கலாம், ஆனால் திரையைப் போனில் படமெடுப்பதைத் தடுக்க ஒரு வழியும் இல்லை.

டேலி டேட்டா ஃபோல்டரை டிரைவுக்குள் வைக்கவே கூடாது. டேலி திறந்திருக்கும்போது பல ஃபைல்களில் ஒரே நேரத்தில் எழுதிக்கொண்டிருக்கும். டிரைவ் அவற்றை ஒவ்வொன்றாக, தனக்குத் தோன்றும் வரிசையில் மேலே அனுப்பும். இன்னொரு கம்ப்யூட்டரில் இறங்குவது பாதி பழையது பாதி புதியதாக இருக்கும். அதை டேலி திறந்தால் டேட்டா கெட்டு, ரிப்பேர் ஓடவேண்டிய நிலை வரும். பலர் சேர்ந்து டேலியில் வேலை செய்ய வேண்டும் என்றால் பலருக்கான கோல்டு லைசென்ஸும் ஆபீஸ் லேனும் (கம்ப்யூட்டர்களை இணைக்கும் உள் நெட்வொர்க்)தான் வழி. டிரைவுக்குப் போக வேண்டியது பேக்கப் மட்டுமே. டேலி பிரைமில் ஆல்ட்+ஒய் அழுத்தி ‘பேக்கப்’ கொடுத்து, முதலில் உள் டிஸ்க்கில் எடுங்கள். முடிந்தபின் அதை அன்றைய தேதியிட்ட ஃபோல்டராக, 2025-07-31 என்பதுபோல் ஆண்டு முன்னால் வருமாறு பெயர் வைத்து, டிரைவுக்கு நகலெடுங்கள். ஒரே ஃபோல்டரில் தினமும் எடுத்தால் நேற்றையதன் மேலேயே இன்றையது எழுதப்படலாம். மாதம் ஒருமுறை அந்த பேக்கப்பை வேறொரு காலி ஃபோல்டரில் ரீஸ்டோர் செய்து டிரையல் பேலன்ஸ் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். நடப்பு டேட்டா இருக்கும் இடத்தில் ரீஸ்டோர் கொடுத்துவிடாதீர்கள்.

தனி பேக்கப் தேவை. டிரைவ் செய்வது ஒத்திசைவு: இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், வைரஸ் ஃபைல்களைப் பூட்டினால் பூட்டியதே மேலே போகும். மத்திய ஜிஎஸ்டி (சிஜிஎஸ்டி) சட்டத்தின் 36-வது பிரிவு, ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியில் இருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்கச் சொல்கிறது. 30 நாள் ட்ராஷை நம்பி அதை நிறைவேற்ற முடியாது. மாதம் ஒருமுறை வெளி ஹார்டு டிஸ்க்கில் எடுங்கள், எடுத்ததும் கழற்றிப் பீரோவில் வையுங்கள்.

எடுக்கும் முறையில் ஒரு பொறி இருக்கிறது. ஜி டிரைவில் இருந்து ஃபோல்டரை அப்படியே ஹார்டு டிஸ்க்குக்கு இழுத்தால் எக்ஸெல், பிடிஎஃப் சரியாக வரும். கூகுள் ஷீட், டாக் மட்டும் ஒரு கேபி அளவில் வரும். அது ஃபைல் இல்லை, வெறும் லிங்க்; நெட் இல்லாவிட்டாலோ கணக்கு போய்விட்டாலோ அதில் ஒன்றும் இருக்காது. அவற்றுக்கு, உங்கள் டேட்டாவை மொத்தமாக இறக்கித் தரும் கூகுள் டேக்அவுட் போய் டிரைவை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஷீட்டுகளை எக்ஸெல்லாக மாற்றி ஜிப்பாகக் கொடுக்கும். தயாரானதும் மெயிலில் லிங்க் வரும். ஒரு வாரத்துக்குள் இறக்கிவிட வேண்டும். பல ஜிப்பாகப் பிரிந்து வந்தால் ஒன்றுவிடாமல் இறக்கி, ஒரே ஃபோல்டரில் விரித்து, ஏதாவது இரண்டு பார்ட்டியின் ஃபைலைத் திறந்து பார்த்த பிறகே டிஸ்க்கைக் கழற்றுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: இத்தனையும் உங்கள் ஒரு ஜிமெயில் கணக்கில் நிற்கிறது. டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனைப் (பாஸ்வேர்டோடு இரண்டாவது சரிபார்ப்பும் கேட்பது) போட்டுவிட்டு, அதில் ‘பேக்கப் கோட்ஸ்’ என்று வரும் 10 எண்களைப் பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். போன் தொலைந்த அன்று கணக்குக்குள் நுழைய அதுதான் இருக்கும். அந்தத் தாளை ஹார்டு டிஸ்க்கோடு வைக்காமல், வீட்டில் வையுங்கள்.